மீள்வு வாய்ப்பு தொண்ணூற்றொன்று

அந்தச் சொல்லைப் போட்டவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அன்று வேலைக்கு லீவு போட்டேன். பார்த்தேன். ஆள் அரக்கன் ஒன்றும் இல்லை. முனைவர் எழிலன் என்று முன்னால் பெயர்ப்பலகை, சட்டைப் பையில் இரண்டு பேனா, ஓயாத தும்மல். அரக்கனாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விசாரணை மருத்துவக் கருவிகள் ஆணையத்தில் நடந்தது. தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளத்தைத் தூர்த்துக் கட்டிய கட்டடம். நடுவில் விசாரணை அதிகாரி மகிழினி. எதிர்ப்பக்கம் கருவி செய்த கம்பெனியின் ஆள் பிரணவ். அவனுக்குப் பக்கத்தில், கருவிக்குத் தமிழ் எழுதிக்கொடுத்த இந்த எழிலன். இந்தப் பக்கம் நான் ஒருத்திதான். வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் ஏசி அறைக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவள் நான். கத்தாமல் எங்களுக்கு ஒரு கன்டெய்னர் நகராது. என் வாய் போதும் என்று நினைத்தேன்.

"ஜெனிஷா, உங்க புகாரைச் சுருக்கமா சொல்லுங்க" என்றார் மகிழினி.

"ஒரே ஒரு சொல்லு மேடம். மீள்வு. அந்தச் சொல்லு எம் புருசனக் கொல்லுது."

எழிலன் தும்மினார்.

என் கணவன் ஜோவினுக்கு ஹெபடைடிஸ் பி. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்தது. என்னிடம் மறைக்கவில்லை, கல்யாணத்துக்கு முன்பே சொன்னான், நானும் தடுப்பூசி போட்டுக்கொண்டேன், கதை முடிந்தது. தினமும் ஒரு மாத்திரை, அவ்வளவுதான் எங்கள் வீட்டில் அந்த நோய்.

பிறகுதான் அரிசி வந்தது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே தோலுக்கடியில் வைக்கிற கருவி. கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தது; அரிசி அளவே இருந்ததால் ஊர் அரிசி என்றே சொன்னது. ரத்தத்தை அதுவே பார்க்கும், ஈரலை அதுவே கணக்குப் போடும், போனுக்குச் சேதி அனுப்பும். டாக்டரை வருஷத்துக்கு ஒரு தடவை திரையில் பார்த்தால் போதும். அரசாங்கத்துக்கு டாக்டர் செலவு மிச்சம், எங்களுக்கு பஸ் மிச்சம்.

ஆனால் ஊரில் கைகொடுக்கும் விதமே மாறிப்போயிற்று. வேலைக்குக் கூப்பிடுகிறவன், வீடு வாடகைக்கு விடுகிறவன், மாப்பிள்ளை பார்க்க வருகிறவன், எல்லாரும் கைகுலுக்குகிற சாக்கில் கட்டைவிரலால் மணிக்கட்டுக்கு மேலே ஒரு தடவு தடவுவார்கள். அரிசி தட்டுப்பட்டால் சிரிப்பு அங்கேயே நிற்கும். படித்த முண்டங்களும் இப்படித்தான். படிக்காதவர்களாவது முகத்துக்கு நேரே கேட்டார்கள்.

ஜோவின் மக்ரூன் மாஸ்டர். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் அவன் கையில் நுரைத்துக் கூம்பாக நிற்பதைப் பார்த்துத்தான் நான் அவனைக் காதலித்தேன் என்று சொல்லலாம். மது வாடையே ஆகாது அவனுக்கு. கிறிஸ்துமஸ் கேக்கில்கூட ரம் ஊற்றாமல் திராட்சைச் சாறு ஊற்றி, "இது கேக்கா, ஞானஸ்நானமா?" என்று என் அண்ணன்மாரிடம் கேலி வாங்குவான். அரிசி வைத்த மாதமே பேக்கரி அவனை வேலையை விட்டு நிறுத்தியது.

ரத்தத்தில் பரவுகிற நோய் மக்ரூனில் பரவாது என்று கடை வாசலில் நின்று கத்தினேன். முதலாளி கைகூப்பினார். "எங்களுக்குத் தெரியும்மா. வாங்குதவனுக்குத் தெரியணும்லா."

அன்றிலிருந்து ஜோவினுக்கு ஒரே வெறி, கையிலிருக்கிற அரிசியை எடுத்து எறிய வேண்டும். மாத்திரையை நிறுத்தி, அதன்பிறகும் நோய் வராமல் இருப்பவர்களுக்குத்தான் அதை எடுப்பார்கள். ஒரு நாள் போனில் சேதி வந்தது. இவ்வளவுதான் சேதி: 'முதற்கட்டச் சிகிச்சை நிறைவு. மாத்திரையை நிறுத்தியபின் மீள்வு வாய்ப்பு: 91. தொடர்வதும் நிறுத்துவதும் உங்கள் உரிமை.'

நானும்தான் படித்தேன். புயலிலிருந்து மீண்ட ஊர், கடனிலிருந்து மீண்ட குடும்பம், நோயிலிருந்து மீண்ட அமைச்சர் என்று வாழ்நாள் முழுக்கப் பேப்பர் படித்தவளுக்கு வேறு எப்படிப் புரியும்? அதுவும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. பிள்ளை இந்த மார்க் வாங்கிவந்தால் அடிப்போமா, கொஞ்சுவோமா? ஜோவின் கொஞ்சினான். மாத்திரை டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு, வீட்டு அடுப்பிலேயே மக்ரூன் சுட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தான். போனில் வந்த தொண்ணூற்றொன்றை ஒவ்வொரு வாசலிலும் காட்டினான். தெரு வாங்கித் தின்றது. எங்கள் கையால் எதையும் வாங்காத எதிர்வீட்டு மைனிகூட, "இன்னும் ரெண்டு குடு, ஜோவின்" என்றாள். அவன் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். சந்தோஷத்தில்தான்.

மழைக்காலம் முடிவதற்குள் அவன் கண் மஞ்சளாயிற்று. பிறகு வயிறு வீங்கியது. திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் நவ்யா திரையில் அல்லாமல் நேரிலேயே வந்தார். நேரில் டாக்டர் வந்தால் சேதி நல்லதாக இருக்காது.

"ரிலாப்ஸ் தொண்ணூத்தொண்ணுன்னு காட்டியும் யாராவது மாத்திரையை நிறுத்துவாங்களா? படிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றார்.

"படிச்சுத்தான் நிறுத்துனோம். மீள்வு தொண்ணூத்தொண்ணு. குணமாயிருவான்னுதானே அர்த்தம்?"

டாக்டர் என் முகத்தையே பார்த்தார். கோபம் இறங்கியது தெரிந்தது. "இல்லைம்மா. நோய் மீண்டு வர வாய்ப்பு தொண்ணூத்தொண்ணு. அந்த வைரஸ் போகவே போகாது. ஈரல் செல்லுக்குள்ள படுத்துக் கிடக்கும். எந்திரிக்க விடாம மாத்திரைதான் அமுக்கி வச்சிருந்தது. நிறுத்துனதும் எந்திரிச்சிடுச்சு."

"இத ஏன் முன்னாலயே யாரும் சொல்லல?"

"முன்னால சொல்றதுக்குத்தான் அந்தக் கருவி" என்றார். அவருக்கே அது கேவலமாக இருந்திருக்க வேண்டும். உடனே போய்விட்டார்.

ஜோவினுடைய ஈரல் அதற்குமேல் தேறாது, மாற்று ஈரல்தான் வழி. அரசு ஈரல் வளர்ப்பு மையத்தில் எப்போதாவது ஒன்று விளையும். அது யாருக்கு என்பதைப் பங்கீடு என்கிற மெஷின் தீர்மானிக்கும். மந்திரி சிபாரிசு செல்லாது, பணம் செல்லாது, மனுஷர் யாரும் கை வைக்க முடியாது என்று பெருமையாக விளம்பரம் செய்வார்கள். அந்த வரிசையில் ஜோவினுடைய பெயர் முதலில் வந்தது. மாதா கண் திறந்துவிட்டாள் என்று என் மாமியார் மெழுகுவத்தி ஏற்றினாள். விசாரணைக்கு மறுநாள் காலையில் ஆபரேஷன். நம்பிக்கை இருந்ததால்தான் நான் சண்டைக்கே போனேன். அவனைக் காப்பாற்றியாயிற்று, இனி இவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

விசாரணையில் எழிலன் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "மீள் என்பது வேர்ச்சொல். திரும்ப வருதல் என்று பொருள். கலைச்சொல் குழு ஒருமனதாக ஏற்ற சொல்."

"ஐயா, ஒங்க வீட்ல ஒராளு சீக்குலருந்து மீண்டு வந்தா நீங்க சிரிப்பீயளா, அழுவீயளா?"

"அங்கே 'இலிருந்து' என்ற உருபு வருகிறது. உருபு சேர்ந்தால் பொருள் வேறுபடும்."

"அந்த உருப ஏன் போனுல போடல?"

"இடம் குறைவு."

"எடம் கொறைவா? ஒங்க கம்பெனி பேரு கொட்ட எழுத்துல இருக்கு. அதச் சின்னதாக்கிட்டு, நோய் திரும்பி வரும்னு முழுசா போட வேண்டியதுதானே?"

மகிழினி சிரிப்பை அடக்கியது தெரிந்தது. பிரணவ் சிரிக்கவில்லை. அவன் தன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சரி" என்றார் மகிழினி. "சாப்பாட்டுக்கு அப்புறம் உங்க வாக்குமூலத்தைப் பதிவு பண்ணிட்டு உத்தரவு போடுறேன். சொல் குழப்புதுன்னு எனக்கே தோணுது. மாத்தச் சொன்னா இன்னைக்கே எல்லா இடத்திலயும் மாறிடும்."

ஜெயித்துவிட்டேன். கேன்டீனில் தயிர்ச்சாதம் வாங்கி உட்கார்ந்து ஜோவினைப் போனில் கூப்பிட்டேன். திரையில் அவன் முகம் மஞ்சளாக, ஊதிப்போய்த் தெரிந்தது.

"மாத்திட்டாவளா, ஜெனி?"

"மாத்தப் போறாவ."

"விட்றாத. வேற எவனும் மக்ரூன் சுட்டுக் குடுத்துறக் கூடாது" என்றான். அதற்குமேல் பேச மூச்சில்லை. நர்ஸ் போனை வாங்கிவிட்டாள்.

போனை வைத்தபோது எதிர் நாற்காலியில் பிரணவ் உட்கார்ந்திருந்தான்.

"மேடம், ஒரு விஷயம். நீங்க கோபப்படுவீங்க. இருந்தாலும் கேட்டுட்டுக் கோபப்படுங்க."

"கேக்காமலே படுவேன். சொல்லுங்க."

"பங்கீடு எங்க கம்பெனி செஞ்சதில்ல, வேற ஆளுங்க. அரசாங்கப் பதிவெல்லாம் தமிழில இருக்கணும்னு சட்டம் இருக்கில்லையா? எங்க அரிசி அனுப்புற தமிழைத்தான் அதுவும் படிக்குது. அதுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது பழைய நியூஸ்பேப்பரை வச்சு."

தயிர்ச்சாதத்தைத் தள்ளி வைத்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

"மீள்வு தொண்ணூத்தொண்ணு. நீங்க படிச்ச மாதிரியேதான் அதுவும் படிச்சிருக்கு. பிழைச்சு வர வாய்ப்பு அதிகம்னு. பிழைக்கிறவங்களுக்குத்தான் அது முதல் இடம் கொடுக்கும். அதான் உங்க ஹஸ்பண்ட் முதல் ஆள்."

"சொல்ல மாத்துனா?"

"'நோய் திரும்பி வர வாய்ப்பு தொண்ணூத்தொண்ணு'ன்னு படிக்கும். வரிசையில கடைசிக்குத் தள்ளிடும். இன்னைக்குச் சாயங்காலமே."

"புது ஈரல வச்சிட்டு ஒழுங்கா மாத்திரையப் போட்டா நோய் வராதுல்லா! அந்த நம்பரு மாத்திரை போடாதவனுக்குத்தானே?"

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்த மெஷினுக்கு நம்பர் மட்டும்தான் தெரியும்."

"இத எதுக்கு எங்கிட்ட சொல்லுதீய?"

"சொல் தப்புன்னு உத்தரவு வந்தா எங்க கம்பெனி எழுந்திருக்காது. நான் ஒண்ணும் உங்களுக்கு நல்லது செய்ய வரல." அவன் எழுந்தான். "ஆனா சொன்னது பொய் இல்ல. சொல் மாறினா என்னென்ன மாறும்னு எங்க ஆளுங்க காலையில ஓட்டிப் பார்த்தாங்க. உங்களுக்குப் பதிலா அந்த ஈரல் யாருக்குப் போகும்னுகூடத் தெரியும். சொல்லவா?"

"ஒண்ணும் வேண்டாம். எந்திரிச்சுப் போயிருங்க."

போய்விட்டான். அவன் முகத்தில் தயிர்ச்சாதத்தை வீசியிருக்கலாம். வீசியிருந்தால் என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியிருக்கும், வேறொன்றும் மாறியிருக்காது.

மகிழினியின் அறைக்குப் போனேன். அவர் வாயில் கவளத்தோடு நிமிர்ந்தார்.

"மேடம், சொல்ல மாத்தும்போது, யாராவது ஒருத்தர் பதிவ மட்டும் ரெண்டு நாளு கழிச்சு மாத்த முடியுமா?"

"முடியாது. மாத்தினா எல்லாருக்கும் சேர்த்துத்தான். ஏன், யார் பதிவு?"

ஏன் என்று சொன்னால் அந்த நிமிஷமே மெஷினுடைய தவறு வெளியே வந்துவிடும். மகிழினி நல்ல அதிகாரி. நல்ல அதிகாரிகள் தெரிந்த தவறைத் திருத்தாமல் விடமாட்டார்கள். அந்த அம்மாளின் நேர்மையை அன்று வெறுத்தது போல் நான் எதையும் வெறுத்ததில்லை.

"சும்மா கேட்டேன்" என்று திரும்பிவிட்டேன்.

திரும்ப உள்ளே கூடினோம். எல்லா விசாரணையும் மக்கள் பார்க்க வேண்டும் என்று விதி. அறை மூலையில் கேமரா இருந்தது. நான் பேசுவது வெளி வராந்தாவில் உள்ள திரையில் ஓடும். மகிழினி என் பக்கம் திரும்பினார்.

"ஜெனிஷா, கருவியில வந்த சொல் உங்களுக்கும் உங்க கணவருக்கும் தப்பா புரிஞ்சுது. அதனால அவர் மாத்திரையை நிறுத்தினார். சரிதானே?"

"இல்ல மேடம்."

எழிலன் தும்ம மறந்தார்.

"காலையில அப்படித்தானே சொன்னீங்க?"

"கோவத்துல சொன்னேன். சொல்லுல ஒரு கொழப்பமும் இல்ல. தெளிவான தமிழு. படிக்குத யாருக்கும் புரியும்."

"அப்போ புரிஞ்சேதான் நிறுத்தினாரா?"

"புரிஞ்சுதான் நிறுத்துனாரு."

"ஏன்?"

அதற்குப் பதில் நான் யோசித்து வைத்திருக்கவில்லை. பிரணவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நம்புகிற மாதிரி ஒரு காரணம் வேண்டும். புருஷனைப் பற்றிப் பெண்டாட்டி சொன்னால் இந்த நாட்டில் எல்லாரும் கேள்வி கேட்காமல் நம்புகிற காரணம் ஒன்றுதான் இருக்கிறது.

"குடி மேடம். மாத்திரை சாப்புடுதவரைக்கும் குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருந்தாவ. குடிக்கணும்னே நிறுத்திட்டாரு. ஈரல் போச்சு. மானம் போயிரக் கூடாதுன்னு நான்தான் பழிய அந்தச் சொல்லு மேல போட்டேன்."

சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கேக்கில் ரம் ஊற்ற மறுத்தவன் திருநெல்வேலியில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தான். பங்கீடு எண்ணைத்தான் படிக்கும், வாக்குமூலம் படிக்காது. அந்த மட்டும் அதற்குக் காது இல்லாதது நல்லது.

மகிழினிக்கு என் மேல் வந்த வெறுப்பை அவர் மறைக்கவில்லை. "அரசாங்க நேரத்தை வீணாக்கிட்டீங்க" என்றார். "புகார் தள்ளுபடி. சொல் இப்ப இருக்கிறபடியே தொடரலாம்."

பிரணவ் என்னைப் பார்த்துத் தலையாட்டினான், ஏதோ ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையை முடித்த மாதிரி. நான் அவனைப் பார்த்துக் காறித் துப்பவில்லை. யார் மேல் துப்புவது என்று எனக்கே தெளிவில்லை.

வெளியே வந்தேன். வராந்தாவில் திரையை அணைத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு பஸ் பிடிக்க வேண்டும் என்ற ஒரே நினைப்போடு நடந்தேன். யாரோ பின்னாலிருந்து கையைப் பிடித்தார்கள்.

"அக்கா, நீங்கதானே உள்ள பேசுனது?"

இருபது வயதுக்கு மேல் இராது. தோளில் பெரிய பை, முகமெல்லாம் வியர்வை. "எம் பேரு தர்ஷினி. கோவில்பட்டிலருந்து வாரேன்க்கா. பஸ்ஸு லேட்டு. கடேசில நீங்க பேசுனத மட்டும்தான் கேட்டேன். ஆனா அதுவே போதும்."

"எது போதும்?"

அவள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதே சேதி, அதே எழுத்து. எண் மட்டும் வேறு. தொண்ணூற்றுமூன்று.

"எங்க அப்பாக்கு வந்துருக்கு. நிறுத்தலாமா வேண்டாமான்னு வீட்ல ஒரே சண்டை. இந்தச் சொல்லப் பத்தி விசாரணைன்னாவ, என்னவோ ஏதோன்னு பயந்து ஓடியாந்தேன். நீங்க தெளிவா சொல்லிட்டீய. நானும் அப்படித்தான்க்கா நெனச்சேன். மீண்டு வந்துருவாவன்னுதானே? தொண்ணூத்திமூணுக்கா! இப்பதான் அம்மாட்ட போனுல சொன்னேன், இன்னைலருந்து மாத்திரை வேண்டாம்னு."

"திரும்பப் போன் போடு. நிறுத்தக் கூடாதுன்னு சொல்லு."

"என்னக்கா?"

"நிறுத்தாத, புள்ள. மாத்திரைய நிறுத்துனா நோய் திரும்பி வந்துரும். நான் சொல்லுதேன்லா, கேளு!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. அறை வாசலில் மகிழினியும் பிரணவும் வந்து நின்றார்கள். இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். உள்ளே சொன்னதெல்லாம் பொய் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல ஒரே ஒரு வரிதான் வேண்டியிருந்தது. சொன்னால் மகிழினிக்குக் கேட்கும். ஜோவினுடைய ஈரல் நாளைக் காலைதான். வாயைத் திறந்தேன். கிரேன் ரூமையே கிடுகிடுக்க வைக்கிற வாய்க்கு அன்று ஒரு வரி வரவில்லை.

"எங்க அப்பா ஒடம்ப நான் பாத்துக்கிடுதேன்க்கா" என்று தர்ஷினி தன் போனைப் பைக்குள் வைத்தாள். என் கையைப் பிடித்திருந்த கையையும் எடுத்துக்கொண்டாள். அவள் பார்வையில் எனக்காக ஒரு பரிதாபம் இருந்தது, அதற்குள்ளேயே கொஞ்சம் அருவருப்பும்.

"ஒங்க வீட்டுக்காரரு குடிச்சாவ, வந்துச்சு. எங்க அப்பா ஒரு சொட்டு தொட மாட்டாவ."